ஃபுல்மெட்டல் அல்கெமிஸ்ட்: 2003 தொடரா, பிரதர்ஹுடா, மங்காவா?

அனிமே, அதாவது ஜப்பானிய அனிமேஷன் தொடர்கள், பார்க்கத் தொடங்கிய யாரும் சில மாதங்களிலேயே இந்தக் குழப்பத்தில் வந்து நிற்பார்கள். 'ஃபுல்மெட்டல் அல்கெமிஸ்ட் பார்த்தே ஆகணும்' என்று யாரோ சொல்லியிருப்பார்கள். தேடிப் பார்த்தால் அந்தப் பெயரில் இரண்டு தொடர்கள். இரண்டிலும் அதே சிவப்புக் கோட்டுப் பையன், பக்கத்தில் அதே இரும்புக் கவசம். 2003-இல் வந்ததில் 51 எபிசோடு, 'பிரதர்ஹுட்' என்று வால் சேர்ந்த இன்னொன்றில் 64.

போன மாதம் பக்கத்து வீட்டுத் தம்பி ஒருவன் 2003 தொடரை முடித்த கையோடு, அடுத்த பாகம் என்று நினைத்துக்கொண்டு பிரதர்ஹுடைப் போட்டிருக்கிறான். மூன்று எபிசோடு தாண்டியதும் என்னிடம் வந்து, "என்னண்ணே, இவனுங்களுக்குப் பழசெல்லாம் மறந்துபோச்சா?" என்று கேட்டான். இரண்டும் தனித்தனித் தொடர்கள், ஒன்றுக்கு மற்றது தொடர்ச்சி இல்லை என்பதை அவனிடம் யாரும் சொல்லவில்லை. அவனைப் போலவே இன்னும் சிலர் கேட்டுவிட்டதால் விவரமாக எழுதிவிடுகிறேன்.

## ஒரே கதை எப்படி இரண்டானது

மூலக்கதை ஹிரோமு அரகாவாவின் மங்கா, அதாவது ஜப்பானியச் சித்திரக்கதை. ஹொக்கைடோவில் பால் பண்ணை நடத்தும் குடும்பத்துப் பெண் அவர். தன்னை வரைய வேண்டிய இடத்திலெல்லாம் கண்ணாடி போட்ட ஒரு பசுவைத்தான் வரைவார். 2001-இல் 'ஷோனென் கங்கன்' என்ற மாத இதழில் கதை தொடங்கியது. மாதத்துக்கு ஓர் அத்தியாயம். 2003 அக்டோபரில் போன்ஸ் ஸ்டுடியோ அதை வாரத் தொடராக எடுக்க ஆரம்பித்தது. மாதம் ஒரு முறை ஊறும் கிணற்றில் வாரம் ஒரு முறை இறைத்தால் என்ன ஆகும்? தண்ணீர் தீரும். அரகாவாவின் சம்மதத்தோடு, பாதிக்கு மேல் கதையை அனிமேக்காரர்களே தங்கள் போக்கில் எழுதி 2004-இல் முடித்தார்கள்.

மங்கா முடிவை நெருங்கிய காலத்தில், அதே ஸ்டுடியோ வேறோர் இயக்குநரை வைத்து மங்காவை அப்படியே பின்பற்றி முதலிலிருந்து மறுபடி எடுத்தது. அதுதான் பிரதர்ஹுட். 2010 ஜூனில் மங்கா முடிந்தது, ஜூலையில் தொடர் முடிந்தது.

கதை தொடங்கும் இடம் மூன்றிலும் ஒன்றுதான். இறந்துபோன அம்மாவை ரசவாதத்தால் திரும்பக் கொண்டுவரப் பார்க்கிறார்கள் இரண்டு சிறுவர்கள். முயற்சி தோற்கிறது. அண்ணன் எட்வர்டுக்கு ஒரு காலும் ஒரு கையும் போகின்றன. தம்பி அல்போன்ஸுக்கு உடம்பே போய்விடுகிறது. தம்பியின் உயிரை இரும்புக் கவசம் ஒன்றில் கட்டிவைத்துவிட்டு, இழந்ததை மீட்க இருவரும் கிளம்புகிறார்கள். அவர்கள் தேடுவது பிலாசபர்ஸ் ஸ்டோன், நம் பழைய சொல்லில் பரிசவேதி. ரசவாதம் என்றதும் நமக்குச் சித்தர்களும், செம்பைப் பொன்னாக்கும் வித்தையும்தான் நினைவுக்கு வரும். இந்தக் கதையின் நாட்டிலோ அரசு ரசவாதி பொன் செய்யக் கூடாது, மனிதரைச் செய்யக் கூடாது, ராணுவத்துக்குக் கட்டுப்பட்டாக வேண்டும். அந்த மூன்றாவது விதியில்தான் பாதி வில்லங்கம் இருக்கிறது.

## எதை வைத்து முடிவு செய்வது

'எது நல்லது' என்று கேட்டால் சண்டைதான் மிஞ்சும். பல வருடமாக ரசிகர்கள் அந்தச் சண்டையைப் போட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். உங்களுக்கு எது சரி என்பதற்கு நான் பார்ப்பவை இவை: எத்தனை மணி நேரம் கேட்கிறது, ஆரம்பம் எப்படிப் பிடிக்கிறது, முடிவு நிறைவாக இருக்கிறதா, மனசுக்கு எவ்வளவு கனம், அப்புறம் தொடங்கும்போது கண்ணில் படாத செலவு என்ன. கடைசியாகச் சொன்னதைத்தான் யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை.

| | 2003 தொடர் | பிரதர்ஹுட் | மங்கா |
|---|---|---|---|
| காலம் | 2003–2004 | 2009–2010 | 2001–2010 |
| அளவு | 51 எபிசோடு + 2005 திரைப்படம் | 64 எபிசோடு | 27 தொகுதிகள் |
| நேரம் | சுமார் 22 மணி | சுமார் 25 மணி | உங்கள் வாசிப்பு வேகம் |
| ஆரம்பம் | நிதானம், ஆழம் | அவசரம் | அளவான நடை |
| முடிவு | கசப்பு. படம் பார்த்தால்தான் முடியும் | முழு நிறைவு | முழு நிறைவு |
| கனம் | மிக அதிகம் | அதிகம், இடையிடையே சிரிப்பு | பிரதர்ஹுட் போலவே |
| கண்ணில் படாத செலவு | கிளைக்கதைகள், படத்தைத் தேடும் வேலை | முதல் 10 எபிசோடு, ஆள் கூட்டம் | காசு, அலமாரி, விடுபடும் தொகுதிகள் |

தினமும் இரண்டு எபிசோடு என்று வைத்தால் 2003 தொடருக்கு 26 நாள், பிரதர்ஹுடுக்கு 32 நாள். ஆறு நாள் வித்தியாசத்துக்காக ஒன்றை விட்டு இன்னொன்றை எடுக்க வேண்டியதில்லை.

இனி வருவதில் கதையின் முக்கிய முடிச்சு எதையும் அவிழ்க்கவில்லை. தைரியமாகப் படிக்கலாம்.

## 2003 தொடர்

செய்ஜி மிசுஷிமா இயக்கியது. இந்தத் தொடரின் பலம் பொறுமை. இரண்டே இடங்களைச் சொல்கிறேன்.

ஒரு ரசவாதி வீடு. அவருக்கு நினா என்று ஒரு சின்ன மகள், கூடவே ஒரு பெரிய வெள்ளை நாய். 2003 தொடரில் சகோதரர்கள் அங்கே போகும்போது எட்வர்டுக்கு வயது 12. அரசு ரசவாதித் தேர்வுக்குப் படிக்க வந்தவன். அந்த வீட்டிலேயே தங்கி, நூலகத்தில் புத்தகம் புரட்டி, பனியில் அந்தச் சிறுமியோடும் நாயோடும் விளையாடுகிறார்கள். நமக்கும் அவள் வீட்டுப் பிள்ளை ஆகிவிடுகிறாள். பிரதர்ஹுடில் இதே பகுதி நான்காவது எபிசோடில் தொடங்கி அதிலேயே முடிந்துவிடுகிறது. அங்கே என்ன நடக்கிறது என்று நான் சொல்லப்போவதில்லை. நடப்பது இரண்டிலும் ஒன்றுதான். வலிக்கும் அளவுதான் வேறு.

இன்னொன்று ஒரு கல்லறைக் காட்சி. சடங்கு முடிந்து எல்லோரும் போய்விட்டார்கள். நல்ல வெயில். தீ ரசவாதி ராய் மஸ்டாங் தொப்பியைத் தாழ்த்திப் போட்டுக்கொண்டு, மழை வந்துவிட்டது என்கிறார். உதவி அதிகாரி வானத்தைப் பார்க்கிறாள். மழையே இல்லை. திரும்பி அவர் கன்னத்தைப் பார்த்த பிறகுதான் அவளுக்கு விஷயம் புரிகிறது. இந்தக் காட்சி 2003 தொடரில் 25-ஆவது எபிசோடில் வருகிறது, பிரதர்ஹுடில் 10-ஆவதில். அந்த 15 எபிசோடு வித்தியாசத்தில், இறந்தவரோடு நாம் எத்தனை முறை சிரித்திருப்போம், எத்தனை முறை அவரைப் பார்த்து 'ஐயோ, இந்த ஆள் மறுபடி ஆரம்பிச்சுட்டார்' என்று அலுத்திருப்போம்! துக்கம் அந்தக் கணக்கில் இருந்துதான் வருகிறது.

பாதிக்கு மேல் கதை தனிப்பாதையில் போகிறது. ஹோமங்குலஸ் என்னும் செயற்கை மனிதர்கள் எங்கிருந்து வருகிறார்கள் என்ற கேள்விக்கு இந்தத் தொடர் தரும் விடை, என்னைக் கேட்டால், மங்காவில் உள்ளதைவிடப் பயங்கரமானது. சகோதரர்கள் செய்த முதல் தவறோடு நேராகப் போய்ச் சேர்கிறது. ராணுவம் பாலைவன மக்களை அழித்த பழைய போர் கதை நெடுக நிழலாகத் தொடரும். ஈராக் போர் தொடங்கிய அதே வருடத்தில் ஒளிபரப்பான தொடர் என்பதை மறந்துவிட்டு அந்தக் காட்சிகளைப் பார்ப்பது கஷ்டம். 'ஒன்றைப் பெற அதற்கு ஈடானதைக் கொடுக்க வேண்டும்' என்பது சகோதரர்கள் மந்திரம் போலச் சொல்லும் விதி. உலகம் உண்மையிலேயே அப்படி நடக்கிறதா என்று கடைசி எபிசோடுகளில் தொடர் அதன் சட்டையைப் பிடித்து உலுக்குகிறது.

செலவுக்கு வருவோம். இடையிடையே கிளைக்கதைகள் உண்டு. நீரில் மூழ்கிக்கொண்டிருக்கும் நகரத்தில் ஒரு திருடியைத் துரத்தும் எபிசோடு, ராணுவ முகாமின் கிடங்கில் பேய் தேடும் எபிசோடு. சில நன்றாகவே இருக்கின்றன; சிலவற்றின் போது நான் சாப்பாடு எடுத்து வரப் போய்விட்டேன். காட்சி பழைய சதுர அளவில்தான் இருக்கும், இன்றைய டிவியில் இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை விழும். முக்கியமான செலவு முடிவு. 51-ஆவது எபிசோடு முற்றுப்புள்ளி வைப்பதில்லை. கதை 2005-இல் வந்த 'காங்கரர் ஆஃப் ஷம்பாலா' படத்தில்தான் முடிகிறது. அந்தப் படம் நடப்பதோ 1923-இன் மியூனிக்கில், ஹிட்லர் ஆட்சியைப் பிடிக்கப் பார்த்துத் தோற்ற நாட்களில். எனக்கு அது பிடித்தது, ஆனால் 'நான் எதைப் பார்க்க உட்கார்ந்தேன், எங்கே வந்து நிற்கிறேன்' என்று தலை சுற்றியதும் உண்மை. பிரதர்ஹுட் கிடைக்கும் இடங்களிலெல்லாம் 2003 தொடர் கிடைப்பதில்லை. படம் எங்கே கிடைக்கும் என்று உறுதி செய்துகொண்டு தொடரைத் தொடங்குங்கள். 51 எபிசோடு பார்த்துவிட்டு அதைத் தேடி அலைவது கொடுமை.

இன்னொரு எச்சரிக்கை: போரில் பெண்ணுக்கு நேரும் வன்முறை ஒன்று பிற்பாதியில் மறைமுகமாக வருகிறது. பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்க்க இது ஏற்றதில்லை.

சோகம் பழகியவர்கள், கதாபாத்திரத்தோடு மெதுவாக வாழப் பிடித்தவர்கள், முடிவு கசந்தாலும் பரவாயில்லை, மனசில் நின்றால் போதும் என்பவர்கள் இதை எடுக்கலாம்.

## பிரதர்ஹுட்

இயக்கம் யசுஹிரோ இரியே. ஊரே பரிந்துரைப்பது இதைத்தான். காரணமும் நியாயமானது. நூறுக்கு மேல் அத்தியாயம் உள்ள ஒரு பெரிய கதை, போட்ட எல்லா முடிச்சையும் அவிழ்த்து முடிவது அபூர்வம். இதில் முடிகிறது. மூன்றாவது எபிசோடில் அலட்சியமாகக் கடந்துபோன ஓர் ஊர், பல எபிசோடு கழித்து அர்த்தத்தோடு திரும்பி வருகிறது.

2003 தொடரில் இல்லாத ஆட்கள் பலர் இங்கே உண்டு. கிழக்கே பாலைவனத்துக்கு அப்பால் உள்ள ஷிங் நாட்டு இளவரசன் லிங், மிகச் சிறிய பாண்டா ஒன்றைக் கூட்டிக்கொண்டு திரியும் மே என்ற சிறுமி, வடக்கு எல்லையில் பனிக்கோட்டையை ஆளும் ஒலிவியே ஆம்ஸ்ட்ராங். ஒலிவியே வரும் எபிசோடுகளுக்காகவே பிரதர்ஹுடை இரண்டாம் முறை பார்த்தவன் நான். சகோதரர்களின் குருவான இசுமி இரண்டு தொடரிலும் உண்டு, ஆனால் இதில் கடைசிப் போரில் அவள் வந்திறங்கும் விதம் தனி. 'யார் நீ' என்று மிரளும் ராணுவத்துக்கு அவள் சொல்லும் பதில், 'இல்லத்தரசி!' நம் வீட்டு அம்மாக்களுக்கு அந்தக் காட்சியைப் போட்டுக் காட்டிப் பாருங்கள்.

கடைசிப் பத்துப் பன்னிரண்டு எபிசோடு கிட்டத்தட்ட ஒரே நாளில் நடக்கிறது. எல்லோருக்கும் அதில் ஒரு வேலை இருக்கிறது. ராத்திரி பத்து மணிக்கு 'இன்னும் ஒண்ணே ஒண்ணு' என்று தொடங்கினால் விடிந்துவிடும். மறுநாள் லீவு போட்டுவைப்பது நல்லது.

சரி, இதற்கு விலை என்ன? முதல் பத்து எபிசோடு. 2009-இல் இதைப் பார்க்க உட்கார்ந்தவர்களில் பலர் பழைய தொடரைப் பார்த்தவர்கள். அவர்களுக்குத் தெரிந்ததையே மறுபடி விரிவாகக் காட்டுவானேன் என்று ஓட்டியிருக்கிறார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது. மங்காவின் ஆரம்பத்தில் வரும் ஒரு சுரங்க ஊர்க் கதை இதில் உரிய இடத்தில் வருவதே இல்லை. பிறகு ஒரு சின்ன ஆளின் நினைவாக வந்து போகிறது. முதல் எபிசோடு இன்னும் மோசம். மங்காவில் இல்லாத பனி ரசவாதி ஒருவனைக் கொண்டுவந்து, கதையின் முக்கிய ஆட்களில் பாதிப் பேரை ஒரே இரவில் நம் முன்னால் ஓடவிடுகிறார்கள். கல்யாண வீட்டு வாசலில் நிற்பவரிடம் சொந்தக்காரர் எல்லோரையும் ஒரே மூச்சில் அறிமுகம் செய்வது போல. 'எனக்குப் பிடிக்கலை' என்று இரண்டு எபிசோடில் விட்டவர்களை எனக்குத் தெரியும். அவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது, இன்னும் கொஞ்சம் பொறுத்து 14, 15 வரை போய்ப் பாருங்கள் என்பதுதான்.

சிரிப்பும் எல்லோருக்கும் ஒத்துவராது. எட்வர்டைக் குள்ளன் என்று யாராவது சொன்னால் அவன் முகம் கார்ட்டூனாகச் சுருங்கிக் கத்துவான். தீவிரமான காட்சி முடிந்த அடுத்த நொடியிலும் இது நடக்கும். எனக்கு இது பழகிவிட்டது, என் மனைவிக்குக் கடைசி வரை பழகவில்லை. ஆள் கூட்டம் வேறு அதிகம். வாரத்துக்கு ஒரு எபிசோடு என்று இழுத்தால் முப்பதாவதில் 'இந்த ஜெனரல் யாரு?' என்று கேட்க வேண்டிவரும். 27-ஆவது எபிசோடு பெரும்பாலும் பழைய காட்சிகளின் தொகுப்பு. இடைவெளி விட்டவர்களுக்கு அது உதவும், மற்றவர்கள் தாண்டலாம்.

ஒன்றே ஒன்றுதான் பார்ப்பேன் என்றால் இதுதான். நண்பர்கள், வீட்டில் வளர்ந்த பிள்ளைகள் என்று கூட்டமாகப் பார்க்கவும் இதுவே. சின்னக் குழந்தைகளுக்கு இரண்டுமே வேண்டாம். அந்த நான்காவது எபிசோடு ஒன்றே போதும், ஒரு வாரம் தூக்கம் வராது.

## மங்கா

வாசிப்புப் பழக்கம் உள்ளவர்களுக்கு இது சரியான மூன்றாவது வழி. பிரதர்ஹுட் ஓடித் தாண்டிய ஆரம்பம் இதில் அதற்குரிய நடையில் இருக்கிறது. சுரங்க ஊரும் உண்டு. தொகுதியின் கடைசிப் பக்கங்களில் அரகாவா போடும் குட்டிப் படங்கள் அனிமேயில் கிடைக்காதவை. அந்தத் தொகுதியில் செத்துப்போனவர்கள் ஒவ்வொருவராக மேலோகம் பறந்துபோவதை ஒரு மூலையில் வரைந்துவைப்பார். அழுதுகொண்டிருக்கும்போதே சிரிக்க வைத்துவிடும் அந்தப் பசு.

ஆங்கிலத்தில் 27 தனித் தொகுதிகளாகவும், மூன்றை ஒன்றாகச் சேர்த்த 9 தடித்த புத்தகங்களாகவும் வந்திருக்கிறது. நான் தனித்தனியாக வாங்கப் போய் மாட்டிக்கொண்டேன். 16 வரை வந்தது, 18 வந்தது, நடுவில் உள்ள 17 நான்கு மாதம் 'கையிருப்பில் இல்லை'. கடைக்காரர் மேல் தப்பில்லை, முழு வரிசையும் இருக்கிறதா என்று பார்க்காமல் ஆரம்பித்தது என் அவசரம். வாங்கினால் மூன்றடுக்குப் பதிப்பை வாங்குங்கள், அல்லது முழுதும் வைத்திருக்கும் நண்பரைப் பிடியுங்கள். வலமிருந்து இடமாகப் படிக்க ஒரு மணி நேரத்தில் கை பழகிவிடும்.

இழப்பு ஒன்று உண்டு: குரல். அந்தப் பெரிய இரும்புக் கவசத்துக்குள்ளிருந்து ரியே குகிமியா பேசும் சின்னப் பையன் குரல்தான் அல்போன்ஸ். அதைக் காகிதத்தில் கேட்க முடியாது. டப்பிங்கா, சப்டைட்டிலா என்று யோசிப்பவர்களுக்கும் இதே காரணத்துக்காக ஜப்பானிய ஒலியையே சொல்வேன்.

## இரண்டு தொடரையும் பார்ப்பதாக இருந்தால்

மொத்தம் 115 எபிசோடு, ஒரு படம். தினம் இரண்டு வீதம் இரண்டு மாதம். நேரம் இருந்தால் 2003-ஐ முதலில் பாருங்கள். நான் தலைகீழாகப் பார்த்தேன். பிரதர்ஹுடின் முடிவு மனசில் இருந்ததால், 2003 தொடரின் பிற்பாதி முழுக்க 'இது இப்படி இல்லையே' என்று ஒப்பிட்டுக்கொண்டே கெடுத்துக்கொண்டேன். இரண்டு வருடம் கழித்துத் திரும்பப் பார்த்தபோதுதான் அதன் அருமை தெரிந்தது.

2003-இன் ஆரம்ப எபிசோடுகளை மட்டும் பார்த்துவிட்டு நடுவில் பிரதர்ஹுடுக்குத் தாவலாம் என்று ஒரு யோசனையும் ரசிகர்களிடம் உலவுகிறது. நல்ல ஆரம்பம், நல்ல முடிவு, இரண்டும் கிடைக்கும் என்பது கணக்கு. எனக்கு ஒப்பவில்லை. நினா வீட்டுக்கு 2003 தொடரில் 12 வயதில் போகும் எட்வர்ட், பிரதர்ஹுடில் 15 வயதில் போகிறான். இப்படிக் காலமும் காரணமும் பல இடங்களில் மாறியிருக்கின்றன. ஒட்டுப்போட்ட இடம் ஒவ்வொன்றும் பிறகு உறுத்தும்.

வரிசையாகப் பார்ப்பவர்கள் நடுவில் ஒரு மாதமாவது இடைவெளி விடுங்கள், வேறு ஏதாவது லேசான தொடர் பாருங்கள். எட்வர்ட், அல்போன்ஸ் குரல்கள் இரண்டிலும் அதே நடிகைகள்தான். ஆனால் மஸ்டாங்கின் குரல் மாறியிருக்கும். முதல் நான்கைந்து எபிசோடு அது வேறு யாரோ பேசுவது போலவே இருக்கும். அதற்குள் பிரதர்ஹுடின் ஓட்டமான பத்து எபிசோடும் போய், அந்த வெயில் நாள் கல்லறை வந்துவிடும். புதிதாகப் பார்ப்பவருக்கு அவ்வளவாகப் பழகாத ஒருவரின் சாவு அது. உங்களுக்கு அவர் 2003-லிருந்தே தெரிந்தவர். மஸ்டாங் தொப்பியை எடுக்கும்போதே கர்சீப்பைத் தேட ஆரம்பித்துவிடுவீர்கள்.